டிராக்டருக்கும் மற்ற எஞ்சின்களுக்கும் சிந்தெடிக் ஆயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் கேனின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் தரக்குறி இருக்கும். எஞ்சினுக்கு வேண்டிய தகவல் பின்பக்கத்தில்தான் உள்ளது. ஆயில் வாங்கும்போது முதலில் தரக்குறி, அடுத்து கிரேடு, அதற்குப் பிறகுதான் சிந்தெடிக்கா மினரலா என்ற கேள்வி. கீழே உள்ள பதில்கள் இந்த வரிசையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

சிந்தெடிக் ஆயில் என்றால் என்ன? மினரல் ஆயிலிலிருந்து எதில் வேறுபடுகிறது?

எந்த எஞ்சின் ஆயிலிலும் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ அடிப்படை எண்ணெய். மீதி சேர்மானங்கள்: அழுக்கைக் கட்டிபட விடாமல் மிதக்க வைப்பவை, அமிலத்தை முறிப்பவை, தேய்மானத்தைத் தடுப்பவை, நுரையை அடக்குபவை. சிந்தெடிக், மினரல் என்ற பிரிவு அடிப்படை எண்ணெயைப் பற்றியது மட்டுமே.

அடிப்படை எண்ணெய்களை ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் நிறுவனம்) ஐந்து குரூப்புகளாகப் பிரிக்கிறது. குரூப் 1, 2 இரண்டும் மினரல். குரூப் 3 கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் செலுத்திக் கடுமையாகச் சுத்திகரித்துப் பெறுவது. அதன் பாகுநிலைக் குறியீடு 120 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குரூப் 4 என்பது பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்). வேதிமுறையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்பட்டது. எஸ்டர் உள்ளிட்ட மற்றவை எல்லாம் குரூப் 5.

குறியீடு உயர உயர, சூட்டில் ஆயில் நீர்த்துப்போவதும் குளிரில் இறுகுவதும் குறையும். மினரல் ஆயிலில் கொஞ்சம் மெழுகு எப்போதும் தங்கியிருக்கும். குளிரில் அது உறைந்து ஓட்டத்தைத் தடுக்கும். பிஏஓவில் மெழுகே கிடையாது.

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று போட்டிருந்தால் அது பிஏஓதானா?

பெரும்பாலும் இல்லை. இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி குரூப் 3 தான். 1999-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கிடையே எழுந்த விளம்பரத் தகராறில், குரூப் 3 எண்ணெயையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாம் என்று விளம்பரங்களை ஆராயும் அமைப்பு முடிவு சொன்னது. அதன்பின் பெரும்பாலான நாடுகளில் அதுவே நடைமுறையாகிவிட்டது.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட வேண்டாம். நல்ல குரூப் 3 எண்ணெய், டிராக்டர் எஞ்சின் கேட்கும் எல்லாவற்றையும் செய்யும். பிஏஓ தனியாகத் தெரிவது மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும், இடைவிடாத கடும் சூட்டிலும்தான். ‘செமி சிந்தெடிக்’ விஷயம் வேறு. அதில் சிந்தெடிக் பங்கு எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்று ஏபிஐ எதுவும் வரையறுக்கவில்லை. அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி அதிக விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

15டபிள்யூ-40 என்பதில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன?

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய குளிரில் எளிதாக ஓடும். எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) தரப்படி ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் சுழல்வதற்கான சோதனை 15டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 20 டிகிரியிலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-இலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-இலும் நடக்கிறது. பம்ப் ஆயிலை இழுக்க முடிகிறதா என்ற சோதனை இவை ஒவ்வொன்றிலும் இன்னும் 5 டிகிரி கீழே.

பின்னால் உள்ள எண் 100 டிகிரிச் சூட்டில் உள்ள பாகுத்தன்மை. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

15டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டும் எஞ்சின் சூடான பிறகு ஒரே வரம்புக்குள் வந்துவிடுகின்றன. வேறுபாடு முழுவதும் ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான். உறைபனி எட்டிப் பார்க்காத இடத்தில் 5டபிள்யூவால் கிடைக்கும் கூடுதல் பயன் சொற்பம். கடுங்குளிரில் வேலை செய்யும் டிராக்டருக்கோ, திடீரென முழு லோடை ஏற்கும் ஜெனரேட்டருக்கோ அந்த நொடிகள் பெரிய விஷயம்.

வெயில் காலம் என்று சொல்லிக் கையேட்டில் இல்லாத 20டபிள்யூ-50-க்கு மாறுவது பரவலான பழக்கம். கையேட்டில் வெளிவெப்பத்துக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருக்கும். அதில் 50 இல்லையென்றால் ஊற்ற வேண்டாம். தடித்த ஆயில் பேரிங் இடுக்குகளில் மெதுவாக ஓடும், சூட்டை மெதுவாக வெளியேற்றும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

சிஎச்-4, சிஐ-4, சிஜே-4, சிகே-4: இவற்றில் எதை எடுப்பது?

‘சி’யில் தொடங்குவது டீசல், ‘எஸ்’ஸில் தொடங்குவது பெட்ரோல். டீசல் தரங்களில் சிஎச்-4 1998-இலும், சிஐ-4 2002-இலும், சிஜே-4 2006-இலும், சிகே-4 2016 டிசம்பரிலும் வந்தன. புதியது பழையதற்குப் பதிலாகப் பொருந்தும் என்பது பொது விதி. கையேடு சிஎச்-4 கேட்டால் சிஐ-4 அல்லது சிகே-4 ஊற்றலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது.

இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. முதலாவது எஃப்ஏ-4. இதுவும் சிகே-4 வந்தபோதே வந்தது. ஆனால் எரிபொருள் மிச்சத்துக்காக வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டது. கையேடு பெயர் சொல்லிக் கேட்டால் தவிர இதைத் தொடவே வேண்டாம். பழைய தரங்களுக்கு இது மாற்று இல்லை.

இரண்டாவது, டீசலில் உள்ள கந்தகம். கந்தகம் எரிந்து அமிலமாகிறது; அந்த அமிலத்தை முறிக்கும் காரத்தன்மையைத்தான் டிபிஎன் என்ற எண் காட்டுகிறது. சிஐ-4 ஆயில் 0.5 விழுக்காடு வரை கந்தகமுள்ள டீசலைக் கருதி உருவானது. டிபிஎன் பொதுவாக 10-ஐ ஒட்டியோ சற்று மேலோ இருக்கும். சிஜே-4, சிகே-4 இரண்டிலும் ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால் காரச் சேர்மானத்துக்கும் வரம்பு வந்துவிட்டது. அவை 500 பிபிஎம் (0.05 விழுக்காடு) வரையான கந்தகத்துக்கு உரியவை. மட்டமான டீசலில் ஓடும் பழைய எஞ்சினுக்கு டிபிஎன் கூடுதலான சிஐ-4 தான் பொருத்தம். அங்கே விலை உயர்ந்த சிகே-4 சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் சீக்கிரம் அமிலமேறும். மாற்றும் இடைவெளியை நீட்ட முடியாது, சுருக்கத்தான் வேண்டும்.

புகைபோக்கியில் டிபிஎஃப் (டீசல் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள புதிய டிராக்டருக்கு என்ன வேண்டும்?

சாம்பல் குறைவான ஆயில் கட்டாயம். அதாவது சிஜே-4, சிகே-4, அல்லது ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான அசியாவின் தரத்தில் இ6, இ9. 2022 பதிப்பில் இவற்றின் இடத்தில் இ8, இ11 வந்துள்ளன. எஞ்சின் எரிக்கும் ஆயிலிலுள்ள உலோகச் சேர்மானங்கள் சாம்பலாகி டிபிஎஃப்பில் தங்கும். டிபிஎஃப் தன்னைச் சூடேற்றிச் சுத்தம் செய்துகொள்ளும் ரீஜெனரேஷன் கரியை எரித்துவிடும். சாம்பலை எரிக்க முடியாது. கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. ஒரே ஒரு முறை சிஐ-4 ஊற்றியதால் அன்றே அடைத்துக்கொள்ளாது, ஆனால் சுத்தம் செய்ய வேண்டிய நாள் நெருங்கிவரும்.

சிந்தெடிக்கால் டிராக்டருக்கு உண்மையில் என்ன லாபம்?

குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆவது, சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகாதது, குறைவாக ஆவியாவது ஆகிய மூன்றும்.

எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, மேல் பிஸ்டன் ரிங் பகுதியில் சூடு 200 டிகிரியைத் தாண்டும். அங்கே மினரல் ஆயில் மெல்ல மெல்ல அரக்காகி ரிங்கைப் பள்ளத்தில் ஒட்டவைக்கும். அடுத்து டர்போ. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். உழுது முடித்த கையோடு எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், பேரிங்கில் தேங்கிய ஆயில் சூட்டில் கரியாகும். சிந்தெடிக் இதை நன்றாகத் தாங்கும். ஆனாலும் அணைக்கும் முன் 2, 3 நிமிடம் ஐடிலில் விடுவதற்கு எந்த ஆயிலும் மாற்றாகாது.

லாபம் இல்லாத இடங்களும் உண்டு. தூசி உள்ளே போனால் சிந்தெடிக் எஞ்சினைக் காப்பாற்றாது. ஏர் ஃபில்டர் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் போதும். எந்த ஆயில் ஊற்றினாலும் லைனர் தேயும். கூலன்ட் கசிவு, கெட்ட இன்ஜெக்டர் இவற்றுக்கும் ஆயில் மருந்தல்ல.

அந்த அதிக விலைக்குப் பயன் உண்டா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

சிந்தெடிக் கேனின் விலை மினரலைப் போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மினரலை 250 மணிக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்றால், ஆயில் செலவு மட்டும் ஈடாக சிந்தெடிக் 625 மணி ஓட வேண்டும். ஃபில்டர், கூலி, வேலை நிற்கும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால் 500 மணியிலேயே ஈடாகலாம். 500 மணியைக் கையேடு அனுமதிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்த கேள்வி, ஆண்டுக்கு எத்தனை மணி ஓட்டுகிறீர்கள் என்பது. மணிக்கணக்கு எட்டாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பெரும்பாலான கையேடுகளின் விதி. ஆண்டுக்கு 200, 300 மணி ஓடும் டிராக்டரில் 500 மணி ஆயில் ஊற்றினால் பாதியை உபயோகிக்காமலே வடிக்கிறீர்கள். வெப்பமான இடத்தில், டர்போ இல்லாத எஞ்சினை, குறைந்த மணி ஓட்டுபவருக்கு நல்ல மினரல் 15டபிள்யூ-40 போதும். மிச்சப் பணத்தை நல்ல ஏர் ஃபில்டருக்குச் செலவிடலாம். ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் ஓடும் வாடகை டிராக்டர், அறுவடை இயந்திரம், டர்போ எஞ்சின், கடுங்குளிர்ப் பகுதி: இங்கெல்லாம் சிந்தெடிக் தன் விலையைத் திருப்பித் தரும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது?

புது எஞ்சினில் முதல் மாற்றம் பொதுவாக 50 மணியில். பிறகு பெரும்பாலான டிராக்டர்களுக்கு 250 மணி. சில புதிய எஞ்சின்களில் குறிப்பிட்ட ஆயிலும் குறிப்பிட்ட ஃபில்டரும் போட்டால் 500 மணி. உத்தரவாதக் காலத்தில் கையேட்டின் இடைவெளியைத் தாண்டாதீர்கள், ஆயில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி.

சேற்றுழவு, தூசியில் ரோட்டவேட்டர், நீண்ட ஐடிலிங், எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குறுகிய ஓட்டம் இருந்தால் இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது நல்லது. பழைய டிராக்டர்களின் மெக்கானிக்கல் ஹவர் மீட்டர் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை, எஞ்சின் சுற்றுகளை எண்ணுகிறது. குறைந்த வேகத்தில் ஒரு மணி ஓடினால் மீட்டரில் முழு மணி ஏறாது. ஐடிலில் அதிகம் நிற்கும் வண்டியின் மீட்டரை முழுதாக நம்ப வேண்டாம்.

ஊற்றி இரண்டு நாளில் ஆயில் கறுத்துவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. டீசல் கரியை ஆயில் தன்னுள் மிதக்க வைத்திருக்கிறது. அது அதன் வேலை. பழைய எஞ்சினில் முதல் மணியிலேயே கறுக்கும்.

நிறத்தில் கவலைப்பட வேண்டியது ஒன்றே: பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. அந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் காரணத்தைத் தேட வேண்டும். ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், லைனரின் அடி ரப்பர் வளையங்கள் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆயிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதால் என்ன தெரியும்?

இடைவெளியை நீட்ட நினைப்பவர்கள் செய்தே ஆக வேண்டியது இது. எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து சுத்தமான புட்டியில் பிடியுங்கள். முதலில் கொட்டுவதில் அடிமண்டி இருக்கும். மணிக்கணக்கையும் ஆயில் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.

சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறியிருந்தால் தூசி நுழைகிறது. ஈயமும் செம்பும் பேரிங் தேய்மானத்தைக் காட்டும், அலுமினியம் பெரும்பாலும் பிஸ்டனைக் காட்டும். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கசிகிறது. டீசல் கலப்பு 5 விழுக்காட்டைத் தொட்டால் உடனே வடித்துவிட்டு இன்ஜெக்டரையும் பம்பையும் பாருங்கள். டிபிஎன் புது ஆயிலில் இருந்ததில் பாதியாகக் குறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுப்பதைவிட, அடுத்தடுத்து மூன்று சோதனைகளின் போக்கைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

பழைய எஞ்சினில் சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் ஒழுகும் என்கிறார்களே?

பாதி உண்மை. தனி பிஏஓ ரப்பர் சீலைச் சற்றுச் சுருக்கும், எஸ்டர் உப்ப வைக்கும். தொடக்கக் காலச் சிந்தெடிக்குகளில் இந்தச் சமநிலை சரியாக அமையாததால் ஒழுகல் புகார்கள் வந்தன. இன்றைய தரச் சோதனைகளில் சீல் பொருத்தமும் அடக்கம். நல்ல சீலை நல்ல ஆயில் கெடுப்பதில்லை.

ஆனால் பழைய எஞ்சினில் சீல் ஏற்கெனவே இறுகி வெடித்திருக்கும். அந்த வெடிப்பைக் கசடு அடைத்துக்கொண்டிருக்கும். அழுக்கு நீக்கும் திறன் அதிகமுள்ள ஆயில் அந்தக் கசடைக் கரைத்ததும் ஒழுகல் வெளியே தெரிகிறது. கரைந்த கசடு போய்ச் சேருமிடம் ஆயில் ஃபில்டர். ஆகவே மினரலிலிருந்து மாறும்போது முதல் மாற்றத்தை 50 முதல் 100 மணிக்குள் ஃபில்டரோடு செய்துவிடுங்கள். ஃபில்டர் அடைத்தால் அதன் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும்.

மாற்றும் முன் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை. கசடு நிறைந்த எஞ்சினில் ஃப்ளஷ் ஆபத்தும்கூட; பெயர்ந்த துண்டுகள் ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சம்ப்பைக் கழற்றித் துடைப்பதே நல்லது. நீலப்புகை விட்டுக்கொண்டு ஆயில் குடிக்கும் எஞ்சினில் சிந்தெடிக் ஊற்றுவது வீண் செலவு. முதலில் ரிங்கையும் வால்வு கைடையும் பாருங்கள்.

ஓவர்ஹால் செய்த எஞ்சினில் முதலிலேயே சிந்தெடிக் ஊற்றலாமா?

பட்டறையில் போர் அடித்து ஹோன் செய்த எஞ்சினுக்கு முதல் 50 மணி மினரல் 15டபிள்யூ-40 நல்லது. புது ரிங்கும் லைனரின் குறுக்குக் கோடுகளும் ஒன்றையொன்று கொஞ்சம் தேய்த்துப் படிய வேண்டும். அது முதல் சில மணிகளில் நடந்தால் உண்டு.

ஆயிலைவிட ஓட்டும் விதம் முக்கியம். ஓவர்ஹால் ஆனது என்று பயந்து மணிக்கணக்கில் ஐடிலில் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ரிங்கின் பின்னால் போதிய அழுத்தம் வராமல் லைனர் கண்ணாடிபோல் வழவழத்துவிடும். அப்புறம் அந்த எஞ்சின் ஆயில் குடிப்பதை நிறுத்தாது. ஸ்டார்ட் செய்து சூடானதும் பாதி முதல் முக்கால் லோடில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக்கோடு வரும் எஞ்சின்கள் உண்டு. அவற்றின் லைனர் அதற்கேற்ற துல்லியத்தோடு முடிக்கப்பட்டிருக்கும்.

சிந்தெடிக்கையும் மினரலையும் கலக்கலாமா?

எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும், உறையாது, பிரியாது. வயலில் லெவல் குறைந்து கையில் வேறு ஆயில்தான் இருக்கிறது என்றால் ஊற்றுங்கள். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதுதான் எஞ்சினைக் கொல்லும். கலவையின் தரம் இரண்டில் தாழ்ந்ததன் தரம் என்று கருதி அதற்கேற்ற இடைவெளியில் மாற்றிவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றே பாதிக்குப் பாதி கலப்பதில் லாபமில்லை.

கார் ஆயிலை டிராக்டரில் ஊற்றலாமா?

எஸ்பி, எஸ்என் மட்டும் உள்ள 5டபிள்யூ-30 போன்ற பெட்ரோல் கார் ஆயிலை டீசல் டிராக்டரில் ஊற்றாதீர்கள். கரியைத் தாங்கும் சேர்மானம் அதில் போதாது. காரின் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைக் காப்பதற்காக அதில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியிருப்பார்கள். அதனால் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மானமும் குறையும். தட்டையான டேப்பெட் உள்ள பழைய எஞ்சினில் கேம் முனை தேய இது ஒரு காரணம். பழைய பெட்ரோல் டிராக்டருக்கும்கூட, கையேட்டு கிரேடில் கிடைத்தால், டீசல் ஆயிலே பாதுகாப்பு.

எஞ்சின் ஆயிலையே கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் இரண்டுக்கும் ஊற்றலாமா?

கையேடு சொன்னால் மட்டும். பல டிராக்டர்களில் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் எல்லாம் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. அதற்கென்றே யூடிடிஓ என்ற வகை உள்ளது. பிரேக் தட்டுகள் வழுக்காமலும் கிறீச்சிடாமலும் பிடிக்கும்படி அதன் உராய்வு அளவாக அமைக்கப்பட்டிருக்கும். அங்கே எஞ்சின் ஆயில் ஊற்றினால் பிரேக் அதிரும், அல்லது பிடிக்காது. பிடிஓ (டிராக்டரிலிருந்து கருவிகளுக்குச் சுழற்சி தரும் தண்டு) கிளட்ச் நழுவும்.

எஸ்டிஓயூ என்பது எஞ்சினுக்கும் இவை அனைத்துக்கும் சேர்த்துச் செய்த ஆயில். பல வண்டிகள் உள்ள பண்ணையில் ஒரே டிரம் வைத்துக்கொள்ள வசதி. ஆனால் எல்லா வேலையையும் ஒன்றே செய்வதால் எஞ்சின் தரக்குறியில் பின்தங்கியிருக்கக்கூடும். புதிய எஞ்சினுக்கு வாங்கும்முன் அதில் எந்த ‘சி’ தரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். யூடிடிஓவை எஞ்சினில் ஊற்றுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது.

பவர் டில்லர், பம்ப்செட், ஜெனரேட்டர் போன்ற சிறு எஞ்சின்களுக்கு?

5, 6 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினில் இருப்பது சுமார் 0.6 லிட்டர் ஆயில்தான். ஆயில் ஃபில்டர் கிடையாது. கரண்டி போன்ற ஒரு துண்டு ஆயிலை வாரி இறைக்கும். காற்றால் குளிர்வதால் சூடும் அதிகம். சிந்தெடிக் 10டபிள்யூ-30 இங்கே நன்றாகவே உதவும். ஆனால் ஃபில்டர் இல்லாததால் இடைவெளியை நீட்ட வழியே இல்லை. முதல் மாற்றம் 20 மணியில், பிறகு 100 மணி அல்லது 6 மாதம்.

மெதுவாக ஓடும் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு எஸ்ஏஇ 30 அல்லது 40 மோனோகிரேடு போதும். பல ஆண்டுகள் அழுக்கு நீக்காத ஆயிலிலேயே ஓடியதாக இருந்தால், சம்ப்பைத் திறந்து மண்டியை வழித்த பிறகே நவீன ஆயில் ஊற்றுங்கள்.

டீசல் ஜெனரேட்டரைத் திறனில் 30 விழுக்காட்டுக்கும் குறைந்த லோடில் நெடுநேரம் ஓட்டினால் எரியாத டீசல் ரிங் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறுகிறதே என்று மகிழ வேண்டாம். ஏறுவது டீசல்.

எரிவாயு அல்லது சாண எரிவாயு எஞ்சின் என்றால் டீசல் ஆயிலைத் தவிர்த்து, கேஸ் எஞ்சினுக்கென்று குறிப்பிட்ட ஆயிலையே வாங்குங்கள். சாம்பல் கூடினால் வால்வில் படியும், மிகக் குறைந்தால் வால்வு இருக்கை தேயும்.

செயின்சா, தெளிப்பான் போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு?

ஜப்பானியத் தரமான ஜாசோவின் எஃப்சி அல்லது எஃப்டி குறியுள்ள ஆயில். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. சிந்தெடிக் என்பதற்காகக் கையேட்டு விகிதத்தைவிடக் குறைத்துக் கலக்காதீர்கள். பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். டிசி-டபிள்யூ3 தண்ணீரால் குளிரும் படகு எஞ்சினுக்கானது. காற்றால் குளிரும் எஞ்சினின் சூட்டை அது தாங்காது.

பைக்கில் டீசல் ஆயிலோ கார் ஆயிலோ?

எஞ்சின் ஆயிலிலேயே கிளட்ச் மூழ்கியிருக்கும் பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி வேண்டும். உராய்வு குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஆயிலில் கிளட்ச் நழுவும். எம்பி குறி, கிளட்ச் தனியாக உலர்ந்திருக்கும் ஸ்கூட்டருக்கு.

ஆயில் மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். மிதக்கும் அழுக்கு அடியில் படிவதற்குள் வடிக்க வேண்டும். பிளக்கைச் சுற்றிலும், ஃபில்டர் மேலும் உள்ள மண்ணை முதலிலேயே துடைத்துவிடுங்கள். பிளக்கின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையதை வைத்து ஒழுகலை நிறுத்த ஓங்கி முறுக்குவதால்தான் சம்ப்பின் மரை போகிறது.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியது ஏறி உட்கார்ந்தால் ஓடத் தொடங்கியதும் மொத்த ஆயிலும் பீய்ச்சியடித்து வெளியேறும். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்டபிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை.

கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரஷர் விளக்கு அணையும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருங்கள். ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். பம்ப் நுரையை இழுத்தால் பிரஷர் விழும். மிகவும் கூடிவிட்டால் பிரீதர் வழியாக ஆயில் இன்டேக்கில் புகும். டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுத்த நிகழ்வுகள் உண்டு.

கூடுதலாக அடிட்டிவ் ஊற்றலாமா?

வேண்டாம். ஆயிலின் சேர்மானங்கள் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துக் கலக்கப்பட்டவை. இன்னொன்றைச் சேர்த்தால் அந்தத் தரக்குறிக்கு மதிப்பில்லை.

மீதி ஆயிலையும் பழைய ஆயிலையும் என்ன செய்வது?

மூடி இறுக்கிய கேனை நிழலில் வையுங்கள். டிரம்மை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மேலே தேங்கும் மழைநீரை, பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே அது மூடி வழியே உறிஞ்சும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கிடைமட்டக் கோட்டில் வரும்படி திருப்பி வையுங்கள். அப்போது மூடிகள் உள்ளே ஆயிலில் மூழ்கியிருக்கும், காற்றோ நீரோ நுழையாது.

வடித்த ஆயிலில் தோலுக்கும் மண்ணுக்கும் கேடான பொருள்கள் உண்டு. மரத்துக்குப் பூசுவதும் செயின்சா சங்கிலிக்கு ஊற்றுவதும் கூடாது. கூலன்ட், பெட்ரோல், தின்னர் எதையும் கலக்காமல் தனிக் கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கலந்துவிட்டால் அவர்களாலும் அதை எடுக்க முடியாது.